பொறுக்கத்தக்க பிழை

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், சூப்பர் சீனியர் மகளிர், முதல் அழைப்பு என்றது ஒலிபெருக்கி. அழைத்தவருக்கு ஜலதோஷம், ‘மகளிர்’ அவர் மூக்கில் மாட்டிக்கொண்டு சற்றுத் தாமதமாக வெளியே வந்தது. மைதானத்தின் மேற்கே, சாமியானாவின் நிழல் முடிகிற இடத்தில் நின்றிருந்த தெய்வநாயகம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தாள் இருந்தது. நாலாக மடித்த, இன்னும் கையெழுத்துப் போடாத தாள். மூன்றாவது அழைப்புக்குள் அது எபனேசர் மாஸ்டர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் மகள் பகவதி இந்த ஓட்டத்தில் இல்லை. அழைப்புக்கும் அழைப்புக்கும் பத்து நிமிஷம். ஆக இருபது நிமிஷம். மகளிர் என்றால் எந்த வயதிலிருந்து, என்று அவர் மனம் தாளை விட்டுவிட்டு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. அப்படித்தான் அது செய்யும்; முக்கியமான காரியம் எதிரே வந்து நின்றால் பக்கத்தில் இருக்கிற சொல்லைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பழைய இலக்கணக்காரர்கள் பெண்ணின் வயதை ஏழு பருவமாகப் பிரித்திருந்தார்கள். எட்டு முதல் பதினொன்று வரை பெதும்பை. பன்னிரண்டும் பதின்மூன்றும் மங்கை. பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை மடந்தை. ஜூனியர், சீனியர், சூப்பர் சீனியர் என்று மூன்றோடு கையைக் கழுவிய கல்வித் துறையைவிட அவர்கள் நுணுக்கமானவர்கள். பன்னிரண்டும் பதின்மூன்றும் ஒரே பருவம்தான், கவனிக்க வேண்டும். இலக்கணப்படி பார்த்தால் தான் செய்ததில் பிழையே இல்லை. இந்தச் சமாதானம் முதலில் தோன்றியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. இப்போது எட்டாவது தடவையாகத் தோன்றுகிறது, சிரிப்பு வரவில்லை. எதிரே சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் மகளிர் கூடிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கை வைத்து நின்றார்கள், கழுத்தை நெட்டி முறித்தார்கள். அவர்களுக்கு நடுவே பகவதி தெரியவில்லை; மறைந்திருந்தாள்.

“அண்ணாச்சி, போட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் எபனேசர். பகவதியின் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், கழுத்தில் விசில், கையில் அட்டை, வெயிலில் சிவந்த மொட்டைத் தலை. “படிச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார் தெய்வநாயகம். “நாலு வரிய மூணு நாளாப் படிக்கீகளே அண்ணாச்சி. அதுல என்ன உயிலா இருக்கு? என் மகள் மேல் வயதுப் பிரிவில் ஓட எனக்குச் சம்மதம், அவ்வளவுதானே.” உண்மையில் நாலரை வரி, ‘எனது முழுச் சம்மத்துடன்’ என்று தட்டச்சில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டார். “ஜூனியர்லதான் அறுநூறு மீட்டர் ஜெயிச்சாச்சே சார், காலையில. அது போதாதா?” “அதத்தான் நானும் சொல்லுதேன். இருவது அடி முன்னால வந்து ஜெயிச்சா. பின்னால யாரு வாரான்னு திரும்பிப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வந்தா. அது ஓட்டமா? தன்னைவிடச் சின்னதுகளோடயே ஓடினா ஜெயிச்சே பழகிப்போகும், அண்ணாச்சி. கால்ல வேகம் இருக்கும், நெஞ்சுல ஒண்ணும் இருக்காது. பெரிய பிள்ளையளுக்கு நடுவுல முழங்கை இடி பட்டாத்தான் அத்லட்.” அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் தொந்தரவு. ‘தன்னைவிடச் சின்னதுகள்’ என்ற இடம் மட்டும் தெய்வநாயகத்தின் காதில் முள்ளாகக் குத்தியது. காலையில் அந்த ஏழு பேரில் பகவதிதான் கடைக்குட்டி, அது எபனேசருக்குத் தெரியாது. எபனேசர் குரலைத் தாழ்த்தினார்: “அந்தா நிக்கா பாருங்க, எரநூத்திப் பதினாலாம் நம்பர். பத்தொம்பதுக்குள்ளயாம். அவ மகளே அடுத்த வருசம் ஜூனியர்ல ஓடுவா போல இருக்கு. ஊரெல்லாம் வயசக் குறைச்சுக்கிட்டு வாரான். நாம ஒருத்தருதான் வயசக் கூட்டிக்கிட்டுப் போறோம். எவன் அப்பீல் பண்ணுவான்?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சூப்பர் சீனியரில் அவர் பள்ளிக்கு இந்த ஓட்டத்துக்கு ஆளே இல்லை. மூன்றாவது வந்தால்கூட ஒட்டுமொத்தக் கேடயம் அவர்களுக்கு என்பதையும் அவர் மறைக்கவில்லை. நல்ல மனிதர். பொய் சொல்லாதவர். அவர் எதிரில் நிற்கும்போதுதான் தெய்வநாயகத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. இப்போது சொல்லிவிடலாம். “சார், ஒரு விஷயம்” என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வந்துவிடும். “ஒரு விஷயம் சார்” என்றார். “சொல்லுங்க.” “சம்மதம்ங்கதுல ஒரு ‘த’ விட்டுப்போச்சு.” எபனேசர் அட்டையை அக்குளில் இடுக்கினார். “நீங்க போட்டு நிரப்பிக்கிடுங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஈட்டி எறியும் இடத்தைப் பார்த்து ஓடினார்.

ஒரு ‘த’. அவர் முத்திரை ஆய்வாளர். விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பதுதான் இருபத்திரண்டு வருஷ வேலை. கடை கடையாகப் போய்த் தராசையும் படியையும் எடைக்கல்லையும் சோதிப்பார். சரியாக இருந்தால் கல்லின் அடியில் இருக்கும் ஈயத்தில் முத்திரை குத்துவார், இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். வெல்வெட் பதித்த மரப்பெட்டியில் அவருடைய பித்தளைக் கற்கள் இருக்கும். விரல் ரேகை படக்கூடாதென்று துணியால்தான் தொடுவார். அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் தராசுத் தட்டுகள் தாமாகவே சமமாகிவிடும் என்று பேச்சு. சட்டம் கருணையுள்ளது, எந்தக் கல்லும் துல்லியமாக இருக்காது என்று அதற்குத் தெரியும். இத்தனை கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் வரை கூடலாம், குறையலாம் என்று அட்டவணை போட்டிருக்கிறது. பொறுக்கத்தக்க பிழை என்று அதற்குப் பெயர். பன்னிரண்டு வருஷக் குழந்தைக்குப் பதினைந்து மாதம் பொறுக்கத்தக்கதா? அட்டவணையில் இல்லை. எண்பத்தாறு ஜூனில் அவர் பகவதியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அவளுக்கு நாலு வயது முடிய இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. தூக்கிக்கொண்டுதான் போனார், வாசலில் இறக்கிவிட்டு, நடந்து வந்தது மாதிரி உள்ளே கூட்டிப்போனார். மனைவி ஆவுடைக்கு டெலிபோன் நிலையத்தில் வேலை, காலை ஷிப்ட். மாற்றலாகி வந்த ஊர், பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆள் கிடையாது. பிறப்புச் சான்று கொண்டு வந்தீர்களா என்று தலைமையாசிரியர் கேட்கவே இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் யாரையும் கேட்டதில்லை. “வலது கையத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதத் தொடு பாப்பம்” என்றார். அதுதான் பரீட்சை. தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருஷம். பகவதிக்குப் பிறந்ததிலிருந்தே நீண்ட கை, நீண்ட கால். தொட்டிலுக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டிருந்த பிள்ளை. தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் பார்க்கிறவரை அவள் காதைத் தொடுவதோடு நிற்காமல் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். “அஞ்சு முடிஞ்சிருச்சு” என்று எழுதினார் அவர், ஐந்தாம் மாதம் ஐந்தாம் தேதி எண்பத்தொன்று. அந்த வகுப்பில் பதினேழு பிள்ளைகளுக்கு அதே பிறந்தநாள். மாநிலத்திலேயே அதிகம் பேர் பிறந்த தினம் அதுவாகத்தான் இருக்கும். தெய்வநாயகம் பேனாவை வாங்கினார். கை என்பது சோதிக்கப்பட்ட அளவுகோல் அல்ல, நெட்டைப் பிள்ளைக்கும் குட்டைப் பிள்ளைக்கும் அது ஒன்றாக இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஒரு ஜவுளிக்கடைக்காரன் முழம் போட்டு அளந்தால் விடுவாரா? விடமாட்டார். கையெழுத்துப் போட்டார். முத்திரை மாதிரி நன்றாகப் பதிந்த கையெழுத்து. மடியில் பெட்டியில்லாத நாளில் செய்த காரியம் என்று பிற்பாடு தன்னிடமே சொல்லிக்கொண்டார். அந்த வாக்கியம் அவருக்குப் பிடித்திருந்ததால் கொஞ்ச காலம் குற்றமும் பிடித்திருந்தது.

காற்றில் ஊசிப்போன சுண்டலும் வேர்வையும் கலந்து அடித்தது. யாரோ பெண்பிள்ளையின் தகப்பன் பக்கத்தில் நின்று வெற்றிலையைத் துப்பிவிட்டு, “எந்தப் பள்ளிக்கூடம்?” என்று கேட்டார், தெய்வநாயகம் சொன்னார், சொன்னது தன் குரல்தானா என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி ஆவுடை சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “அவ என்ன பந்தயக் குதிரையா? அவ வயசுப் பிள்ளையளோட ஒருநாளாவது இருந்திருக்காளா?” அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். “ஒம்போதாங்கிளாஸ்ல எல்லாம் பெரிய பிள்ளைய. சினிமா பேசுதுவ, சேலை பேசுதுவ. இது வந்து எங்கிட்ட கேக்கு, எம்மா, என்ன சொன்னா சிரிக்கணும்னு. சிரிக்கதுக்குக்கூடப் பக்கத்துல இருக்கவளப் பாத்துச் சிரிக்கு இது.” அது உண்மை. அவரே பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறார். ஆறேழு பெண்கள் வட்டமாக நின்று பேசுவார்கள். பகவதி வட்டத்தின் கோட்டின்மேல் நிற்பாள், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல். அவர்கள் சிரித்து முடித்த பிறகு சிரிப்பாள். அரைக் கணம் பிந்தி. அந்த அரைக் கணத்தை அவர் கைக்கடிகாரத்தில் பிடிக்க முடியும். சூப்பர் சீனியரில் இன்றைக்கு முதல் தடவையாகத்தான் ஓடப்போகிறாள் என்று எபனேசர் நினைத்துக்கொண்டிருக்கிறார்; எட்டு வருஷமாக அவள் வேறு எதில் ஓடினாள்? ஓட்டத்தில் மட்டும்தான் முந்தினாள், அதனால்தான் ஓடினாள். பிறகு அந்த முழங்கால். சில்லுக்குக் கீழே பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு, தொட்டால் சூடு. டாக்டர் அமுக்கிப் பார்த்தார். “எலும்பு மடமடன்னு நீளுது, சதை கூட வரமாட்டேங்குது, இழுக்கு. வயசென்ன?” அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பகவதி காலண்டரைப் பார்த்தாள். “பதிமூணரை” என்றார் தெய்வநாயகம். அரையையும் சேர்த்துச் சொன்னார். நுணுக்கமான பொய்க்கு மதிப்பு அதிகம். “அப்ப வளத்தி அநேகமா நின்னுரும். ஓடட்டும். ரொம்பத் தூரம் வேண்டாம்.” பன்னிரண்டு என்று சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஓடாதே என்றா? அப்படியும் இல்லாமல் இருக்கலாம். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதி மார்க் போடுவது மூடத்தனம். ஆனாலும் போட்டுக்கொண்டுதான் இருந்தார். ராத்திரி தைலம் தேய்க்கும்போது, “வலிக்குதாட்டி?” என்று கேட்பார். “வலிக்கலப்பா” என்பாள். அரைக் கணம் பிந்தி.

இரண்டாவது அழைப்பு. மூக்கு இப்போது இன்னும் அடைத்திருந்தது. கூட்டத்திலிருந்து பகவதி விலகி ஓடி வந்தாள், முதுகில் எண் ஒரு பக்கம் கழன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. “யப்பா, ஊக்கு ஒண்ணு விழுந்துட்டு. குத்துங்க.” திரும்பி நின்றாள். பள்ளிக்கூடத்துப் பனியன் யாரோ ப்ளஸ் டூ பெண்ணுக்குத் தைத்தது. தோளிலிருந்து வழிந்து முழங்கை வரை வந்தது. உள்ளே தோள்பட்டை எலும்பு இரண்டும் கோழிக்குஞ்சின் இறக்கை மாதிரி இருந்தன. “அந்த எரநூத்திப் பதினாலு அக்கா என்னக் கேட்டாப்பா, நீ தண்ணி குடுக்க வந்தியான்னு.” “நீ என்ன சொன்ன?” “ஆமாக்கா, ஒங்களுக்கு முன்னாலயே போயி அங்க வச்சிருக்கேன்னேன்.” தெய்வநாயகம் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு ஊக்கைக் குத்தினார், விரலில் குத்திக்கொண்டார். “காலு?” “நல்லாயிருக்கு.” உடனே சொன்னாள், பிந்தாமல். அல்லது பிந்தினாளா? காற்று அடித்துக்கொண்டிருந்ததால் சரியாக அளக்க முடியவில்லை. “வேண்டாம்னு தோணிச்சின்னா சொல்லு. சார்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்.” அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். “ஒங்களுக்கு நான் ஓடணும்னு இருக்காப்பா?” இது என்ன கேள்வி. இதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு, அதை அவர் இதுவரை ஆவுடையிடம்கூடச் சொன்னதில்லை. இருக்கிறது. ஆசையாக இருக்கிறது. அந்தப் பதினேழும் பதினெட்டும் பின்னால் மூச்சு வாங்க, முன்னால் ஒரு பன்னிரண்டு வயது வருவதைப் பார்க்க வேண்டும். எல்லோரும் பதின்மூன்று வயதுப் பிள்ளை என்று கை தட்டுவார்கள். அதன் உண்மையான எடை இந்த மைதானத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மூடிய தராசில் தங்கத்தை நிறுத்துப் பார்க்கிற மாதிரி. யாருக்கும் சொல்ல முடியாத பெருமை, அதனால்தான் அவ்வளவு இனிப்பு. “ஒனக்கு எப்படியோ அப்படி” என்றார். “அப்பம் ஓடுதேன்” என்றாள். தாளை எடுத்து, அவளைத் திரும்பச் சொல்லி முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா முனை பனியனுக்குள் எலும்பில் தட்டியது. விட்டுப்போன ‘த’வையும் மறக்காமல் போட்டார். “கூசுதுப்பா” என்று நெளிந்தாள். தாளைப் பிடுங்கிக்கொண்டு, நீண்ட கால்கள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்ட, எபனேசரைப் பார்த்து ஓடினாள்.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் என்பது நானூறு மீட்டர் வட்டத்தில் மூன்றே முக்கால் சுற்று. அதனால் ஆரம்பிக்கிற இடத்தில் முடியாது. முதல் வளைவில் உட்கோடு அரையடி உள்ளே நகர்ந்திருக்கிறது, சுண்ணாம்பு போட்டவன் கயிற்றைத் தளர்த்திவிட்டான், சுற்றுக்கு அரை மீட்டர் குறையும் என்று அவர் காலையிலேயே நடந்து பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். வெடிச் சத்தம். காக்கைகள் எழுந்தன. ஒன்பது பேர். முதல் சுற்றில் பகவதி கடைசிக்கு முந்தி. முன்னால் போனவர்களின் முதுகுகள் ஒரு மதில் மாதிரி இருந்தன. ஒருத்தியின் முழங்கை அவள் தோளில் பட்டது, தடுமாறினாள், விழவில்லை. எபனேசர் சொன்ன அத்லட் ஆகிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது சுற்றில் வெளிப்பக்கமாக வந்தாள். வெளிப்பக்கம் ஓடினால் தூரம் கூடும், பிள்ளைக்கு அது தெரியாது, சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தி. “யாருலே அந்தப் பொடிச் சில்லான்?” என்றார் வெற்றிலைக்காரர். “எம் மக” என்றார் தெய்வநாயகம். “என்ன வயசு?” “பதிமூணு.” “யம்மாடி!” என்று அவர் வாயில் கை வைத்தார், தெய்வநாயகம் மனசுக்குள் சொல்லிக்கொண்டார், இன்னும் இருக்கிறது, நீங்க பார்ப்பது முழு எடை இல்லை அண்ணாச்சி. மூன்றாவது சுற்று முடியும்போது நான்காவது இடம். எதிர்ப் பக்க நேர்ப் பாதையில் மூன்றாவது. எபனேசர் உட்கோட்டின் ஓரமாகக் கூடவே ஓடிக்கொண்டு கத்தினார், “கைய வீசு பிள்ள! கைய!” அவள் கையை வீசினாள். அந்த நீண்ட கை. தலைமையாசிரியரும் பேனாவும் ஜன்னலும் தெய்வநாயகத்தின் கண்முன் வந்து போயின. இருநூற்றுப் பதினாலுக்கும் அவளுக்கும் நடுவே ஆறு அடி, ஐந்து அடி. கடைசி வளைவு. அவளுடைய முகம் அவர் பக்கம் திரும்பியது. வலியில் சுருங்கிய முகமில்லை, அதனால்தான் அவருக்குப் புரியவில்லை. யோசிக்கிற முகம், காலண்டரைப் பார்க்கிற முகம். அடுத்த அடியில் இடது கால் தரையில் பட்டது, ஆனால் அவளைத் தாங்கவில்லை. இரண்டு தடவை ஒற்றைக் காலில் தத்தினாள். பிறகு, விளையாட்டு முடிந்து அலுத்துப்போன சின்னப் பிள்ளை உட்காருகிற மாதிரி, ஓடுபாதையில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

முதலுதவிக் கூடாரத்தில் ஒரு பெஞ்சு, ஒரு பானை, ஒரு நர்ஸ். பகவதியைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே பட்டாணி இருந்த இடத்தில் இப்போது எலுமிச்சம்பழம் இருந்தது. அழவில்லை; வலது கையைத் தலைக்கு மேல் வளைத்துப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள், விரல் இடது காதையும் தாண்டித் தாடை வரை வந்திருந்தது. “தசைநாரு எலும்போட சேந்து பிஞ்சிருக்கும்போல. பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன், ஒடனே கொண்டு போங்க” என்று நர்ஸ் சீட்டை எடுத்தாள். “பேரு?” “பகவதி” என்றார் எபனேசர், மொட்டைத் தலையைத் துடைத்துக்கொண்டே, அவர் கண் கலங்கியிருந்தது. “வயசு? வளர்ற எலும்பு, வயசப் பாத்துத்தான் வைத்தியம் பண்ணுவாங்க. சரியாச் சொல்லணும்.” கை மெல்ல விலகியது. பகவதியின் கண்கள் நர்ஸைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தன. எதைச் சொல்ல என்று கேட்டன. அவளுக்குத் தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எத்தனை நாளாகத் தெரியும்? ஆவுடை சொன்னாளா? “பன்னெண்டு” என்றார் தெய்வநாயகம். எட்டு வருஷத்தில் முதல் தடவை. எவ்வளவு சின்னச் சொல். வெளியே வந்ததும் அது கூடாரத் துணியில் பட்டு எங்கோ விழுந்த மாதிரி இருந்தது. நர்ஸ் எழுதினாள். “இல்ல சிஸ்டர்” என்றார் எபனேசர், தெய்வநாயகத்தின் தோளில் கனிவாகக் கை வைத்து. “அண்ணாச்சி பதட்டத்துல மாத்திச் சொல்லுதாவ. பதிமூணு முடிஞ்சிட்டு. இன்னா, சர்ட்டிபிகேட் நகல் எங்கிட்டயே இருக்கு.” அட்டையைத் திருப்பிக் காட்டினார். ஐந்து, ஐந்து, எண்பத்தொன்று. கீழே நன்றாகப் பதிந்த கையெழுத்து. நர்ஸ் நகலைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், கடைசியில் பெஞ்சைப் பார்த்தாள். “நீயே சொல்லு பாப்பா. பன்னெண்டா, பதிமூணா?” பகவதி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெய்வநாயகம் வாயைத் திறந்தார். மறுபடி சொன்னால் போதும். ஒரு தடவை சொன்னது பதற்றம், இரண்டாவது தடவை சொன்னால்தான் உண்மை. எபனேசரின் கை இன்னும் தோளில் இருந்தது, நல்ல மனிதரின் கனமான கை. அரைக் கணம் பிந்தினார். “பதிமூணுதான் சிஸ்டர்” என்றாள் பகவதி. நர்ஸ் பன்னிரண்டின் மேல் நேராக ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் திருத்தி எழுதி, சீட்டை அவரிடம் நீட்டினாள். “கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றாள்.